உள்ளங்காலைப் பார்க்கும் மருத்துவம்

சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அவரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, அவர் காலடியில் முக்காலி போட்டு டாக்டர் உட்கார வேண்டும். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பாத சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக என் இடம் அந்த முக்காலிதான். எங்களிடம் வரும் பி.ஜி. மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதல் பாடமும் அங்கேதான் நடக்கும். வயதானவர்கள் கூச்சப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "டாக்டரம்மா, நீங்க போய் என் காலைத் தொடலாமா?" என்பார்கள். "தொட்டாத்தான் ஐயா தெரியும், நீட்டுங்க" என்பேன்.

சிறப்பு மருத்துவம் என்றதும் பலருக்கும் பெரிய பெரிய இயந்திரங்கள் நினைவுக்கு வருகின்றன. எங்கள் பிரிவின் தலையாய கருவி ஒரு நைலான் இழை. மோனோஃபிலமெண்ட் என்பார்கள். 10 கிராம் விசை கொடுத்தால் வளையும்படி செய்யப்பட்டது. அதைக் கையில் எடுத்ததும் காலில் வைத்துவிடக் கூடாது. முதலில் நோயாளியின் முன்கையில் தொட்டுக் காட்ட வேண்டும். "இப்படித்தான் இருக்கும், குத்தாது" என்று அவருக்குத் தைரியம் வர வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியிலும், விரல்கள் தொடங்கும் மேட்டில் மூன்று இடங்களிலும் இழை வளையும் வரை அழுத்தி எடுக்க வேண்டும். தோல் தடித்துக் காய்த்த இடத்தில் வைத்தால் முடிவு தவறாகும். "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வைக்கும் மாணவர்களைத் தடுத்து நிறுத்துவேன். அப்படிக் கேட்டால் டாக்டருக்காகவே "தெரியுது" என்று சொல்பவர்கள் நம் மக்கள். "தொடுறப்ப சொல்லுங்க, எந்தக் கால்னும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். நடுவில் ஓரிரு முறை தொடாமலே காத்திருக்கவும் வேண்டும்.

இழையை எடுப்பதற்கு முன்பே பாதி உண்மையைச் சொல்லிவிடும் கேள்வி ஒன்று உண்டு: "செருப்பு கழண்டு போனது தெரியாம நடந்து வந்திருக்கீங்களா?" பாடப்புத்தகத்தின் ஆங்கிலக் கேள்விப் பட்டியலில் இது கிடையாது. ரப்பர் செருப்பு மாட்டி நடக்கும் ஊரில், நோயாளிகள் சொல்லிச் சொல்லி நாங்கள் கற்றுக்கொண்டது. "ஆமாம்மா, பின்னாடி வந்த பிள்ளை எடுத்துக் கொடுத்துச்சு" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம் என்று அப்போதே எச்சரிக்கையாகிவிடுவோம்.

வலி இல்லாத பாதத்தைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு நம் மண்ணில் விளைந்தது. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிரும் என்று உலகமே நம்பியிருந்த காலம். விரல்களை அழிப்பது பெரும்பாலும் நோய் நேரடியாகச் செய்யும் வேலை அன்று, வலி தெரியாததால் படும் காயங்களே காரணம் என்று அவர் காட்டினார். நோயாளிகள் எப்படி அடுப்பைத் தொடுகிறார்கள், எப்படி நடக்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்ததில் பிடிபட்ட உண்மை அது. உணர்விழந்த விரல்களை இரவில் எலி கடிப்பதைக் கண்டறிந்து, வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், தொழுநோய்ப் பாதத்தில் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் கொண்டுசென்றார். புண்ணுள்ள காலின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மாவுக்கட்டு முறை உலகெங்கும் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. என் மாணவர்களுக்கு இந்த வரலாற்றைத் தவறாமல் சொல்கிறேன். நோயாளியின் அன்றாடத்தைக் கவனித்ததில்தான் ஒரு பெரிய மருத்துவ உண்மை கிடைத்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே எங்கள் பிரிவில் கேஸ் சொல்லும் முறையை மாற்றிக்கொண்டோம். வயது, எத்தனை வருடச் சர்க்கரை, புண் எந்த நிலை என்று தொடங்குவதுதான் வழக்கம். நாங்கள் தொழிலில் தொடங்குகிறோம். என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்கிறார், எதன்மேல் நிற்கிறார், வீட்டில் பாதத்தைப் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள், இப்போது அவருக்கு எதைப் பற்றிக் கவலை. இவ்வளவும் சொன்ன பிறகுதான் புண். அதையும் நோயாளிக்கு எதிரில் தமிழில்தான் சொல்ல வேண்டும். தன் காலைப் பற்றி நான்கு பேர் ஆங்கிலத்தில் பேச, நடுவில் ஒருவர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும் வார்டு வைத்தியத்துக்கு ஏற்ற இடமில்லை. தமிழில் சொல்லும்போது நோயாளியே இடையில் புகுந்து திருத்துவார். "செருப்பு கடிச்சு வரலைம்மா, பஸ்ல இன்ஜின் பக்கத்துல உக்காந்து வந்தேன், அன்னைக்கு வந்த கொப்புளம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் காரணம் கிடைத்துவிடும்.

பரோட்டா மாஸ்டர் ஒருவர் வந்தார். பெருவிரல் மேட்டுக்கு அடியில் காசளவு புண். சுற்றிலும் தோல் தடித்து வெள்ளையாகக் காய்த்திருந்தது. பல மாதமாக டிரெஸ்ஸிங் நடந்தும் ஆறவில்லை. அவருக்கு வேறு இடத்தில் கொடுத்திருந்த சீட்டில் 'ஓய்வு தேவை' என்று எழுதியிருந்தது. கல்லுக்கு முன்னால் நின்றால்தான் அவருக்கு அன்றைய கூலி. பி.ஜி. மாணவி அந்தத் தடித்த தோலைக் கத்தியால் சீராகச் சீவி எடுத்தபோது, மேலே தெரிந்ததைவிடப் புண் அகலமாக உள்ளே பரவியிருந்தது. உலோகக் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தோம். எலும்பு தட்டவில்லை. நல்ல செய்தி. கணுக்காலிலும் பாதத்தின் மேலும் நாடி நன்றாக அடித்தது. இரத்த ஓட்டம் இருக்கிறது, அழுத்தம் குறைந்தால் புண் ஆறும்.

மாவுக்கட்டு போடலாம் என்றோம். "கட்டோட அடுப்புக்கிட்ட நிக்க முடியாதுங்கம்மா" என்றார். அவர் சொன்னது சரி. மாணவி அவர் சம்மதத்தோடு கடை முதலாளியிடம் போனில் பேசினாள். முதலாளி, "அண்ணன் கல்லாவுல உக்காரட்டும், மாவு பக்குவம் மட்டும் பார்த்துச் சொன்னாப் போதும்" என்று ஒத்துக்கொண்டார். கட்டு போட்டோம். வாராவாரம் பிரித்துப் பார்த்து மாற்றிக் கட்டினோம். இரத்த ஓட்டமும் நோய்த்தொற்றும் தடையாக இல்லாவிட்டால், இவ்வகைப் புண்களில் பல ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். அவருக்கும் ஆறியது. அந்த போன் பேச்சை அவர் கோப்பில் சிகிச்சையின் பகுதியாகவே எழுதி வைக்கச் சொன்னேன். மருந்துக்கு நிகரான இடம் அதற்கு உண்டு.

புண் ஆறுவதோடு எங்கள் வேலை முடிவதில்லை. ஒருமுறை புண் வந்த பாதத்தில் மறுபடியும் வரக்கூடும். அதனால்தான் செருப்பு. தொழுநோயாளிகளுக்குப் பயன்பட்ட எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார்) எனும் மெத்தென்ற ரப்பர் அடித்தளம் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுகிறது. எங்கள் செருப்புத் தொழிலாளி எனக்கு உடன்பணியாளர். ரவுண்ட்ஸில் அவரும் நிற்பார். நோயாளியை எழுந்து நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தின் வடிவத்தைத் தாளில் வரைவார். உட்கார்ந்த காலுக்கு அளவெடுத்தால் நடக்கும்போது இறுக்கும் என்பார். பெண்கள் பலர் அந்தக் கறுப்புப் பட்டைச் செருப்பை வாங்கிப்போய்ப் பரணில் போட்டுவிடுவதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். 'ஆஸ்பத்திரிச் செருப்பு' என்று தெருவில் பார்ப்பார்களே என்ற தயக்கம். இப்போது பழுப்பு, மெரூன் நிறங்களில், கடைச் செருப்பைப் போன்ற பட்டையோடு தைத்துத் தருகிறார். பரண் ஏறாத செருப்புதான் வைத்தியம் பார்க்கும்.

நம் வாழ்க்கைமுறையைத் தெரிந்து கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. வீங்கிய விரலில் மெட்டி இறுகிக் கிடக்கும். வலி தெரியாததால் அந்த அம்மாவுக்கு உறைக்காது. கால் மரத்துப்போகிறதே என்று சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தோல் வெந்து வருபவர்கள் உண்டு. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் சுட்டிருக்கும். பழனிக்குப் பாதயாத்திரை போக நேர்த்திக்கடன் இருக்கும். "போகக் கூடாது" என்று ஒரு வார்த்தையில் முடித்தால் நம்மிடம் சொல்லாமல் போவார்கள். புண் இருந்தால் இந்த வருடம் வண்டியில் போய்வரச் சொல்கிறோம். புண் இல்லாதவருக்குத் தகுந்த ஷூ, வெயிலுக்கு முந்திய நடை, ஒவ்வொரு தங்கலிலும் இன்னொருவர் பாதத்தைப் பார்ப்பது என்று கூடிப் பேசி முடிவெடுக்கிறோம். முருகனுக்கும் காலுக்கும் நடுவே ஒருவரை நிறுத்தி, எதையாவது ஒன்றை விடு என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

பாதப் புண்ணுக்குச் சர்க்கரை நோய் மருத்துவர், அறுவை மருத்துவர், இரத்தநாள நிபுணர், எலும்பு மருத்துவர், உணவு ஆலோசகர் எல்லோரும் வேண்டும். இவர்களை ஆளுக்கொரு கிழமையில், ஆளுக்கொரு கட்டடத்தில் பார்க்கச் சொன்னால், கிராமத்திலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பாதியில் நின்றுவிடுவார். அடுத்து வரும்போது விரல் கறுத்திருக்கும். எனவே வாரத்தில் ஒரு நாள் எல்லாத் துறையினரும் ஒரே அறையில் உட்காருகிறோம். நோயாளி ஓரிடத்தில் இருப்பார், டாக்டர்கள் நகர்வார்கள். இதற்குப் புதுக் கட்டடமோ தனி நிதியோ தேவைப்படவில்லை. துறைத் தலைவர்கள் கூடிப் பேசி நேரத்தை ஒத்துக்கொண்டது மட்டுமே தேவைப்பட்டது.

போதனா மருத்துவமனைக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. இங்கே ஒரு நோயாளியை நடத்தும் விதம் அவரோடு முடிவதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கும் மாணவர் அதே விதத்தைத் தன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கிளினிக்குக்கும் கொண்டுபோவார். அனுமதி கேட்டுவிட்டுத் துணியை விலக்குவது, ஒரே புண்ணைப் பத்துப் பேர் தொடாமல் ஒருவர் தொட்டு மற்றவர்கள் பார்ப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, 'பதினாலாம் பெட்' என்று சொல்லாமலிருப்பது ஆகியவற்றைப் பேராசிரியர் செய்தால் மாணவர் செய்வார். விரிவுரையில் மட்டும் சொன்னால் செய்யமாட்டார்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய். இவர்களில் ஒருவராக நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவரோ இருக்கலாம். இரவு படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் மறுநாளே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். அடுத்த முறை சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும்போது டாக்டர் பாதத்தைப் பார்க்கவில்லை என்றால், தயங்காமல் நீங்களே செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.