தப்படிப்பவர் பெயரையும் போடுங்கள்

மாசி பிறந்தால் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பிறகு இரவிரவாகக் கூத்து. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனாகிய மதனை எரிக்கும் கட்டத்தில் தப்புப் பறையின் அடி மாறும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

இதே தப்பை விடியற்காலையில் அடித்துத்தான் அந்தக் காலத்தில் சனங்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கூப்பிட்டார்கள். வேலைக்கு விரட்டிய கருவியைத் தங்கள் கூத்துக்கும் சாமிக்கும் உரியதாக வைத்துக்கொண்டார்களே, அது எவ்வளவு பெரிய காரியம்! நம் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்ததால் மலைநாட்டுப் பாட்டுகள் பல பிழைத்தன. தப்படி அப்படி எழுத்தில் நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்து கை பார்த்துப் பழக வேண்டும்.

தங்கள் கலையை விடாமல் காப்பவர்களையும் பாருங்கள். புத்தளம் சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கிறார்கள். அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிகள். வீட்டுப் பேச்சு சிங்களமாகிவிட்டது. ஆனாலும் மஞ்சா என்னும் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் விடவில்லை; பெருமையோடு மேடையேற்றுகிறார்கள்.

நாமோ கூத்து முடிந்ததும் தப்படித்தவரைச் சாதி சொல்லித் தள்ளி நிறுத்துகிறோம். இது அநியாயம்.

தம்பிமாரே, வரும் மாசியில் கூத்து நோட்டீஸ் அடிக்கும்போது ரதி, மதன் வேஷக்காரர்களோடு தப்படிப்பவர் பெயரையும் போடுங்கள். உங்கள் பிள்ளைகளை அவரிடம் பழக அனுப்புங்கள்.