பின்பக்கப் பொத்தான்

சின்ன எல்.இ.டி டார்ச்சுகளுக்குப் பெரும்பாலும் பொத்தான் பின்பக்கம் இருக்கும். கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கை நன்றாக இருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பக்கவாதத்தில் அப்பாவின் வலது கை விழுந்த பிறகுதான் அந்தச் சின்ன ரப்பரைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் கொல்லையில். ராத்திரி கரண்ட் போனால் அப்பா அம்மாவை எழுப்ப வேண்டும். எழுப்ப மாட்டார். அடக்கிக்கொண்டு படுத்திருப்பார், இல்லையென்றால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போவார். கிணற்றடியில் பாம்பு நடமாட்டம் உண்டு. "அவள எதுக்குடா எழுப்பிக்கிட்டு, பகலெல்லாம் என்னைத் தூக்கி உக்கார வைக்கிறவ" என்றார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பழைய மூணு பேட்டரி எவரெடி பரணில் இருந்தது. பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்ச், அது நல்லதுதான். ஆனால் அந்தக் கனத்தை இடது கை தாங்கவில்லை. ஒற்றை ஏஏ பேட்டரி போடும் அலுமினிய டார்ச் ஒன்று வாங்கினேன். பிரகாசம், மங்கல், மினுக்கல் என்று மாறுகிற வகையில் பொத்தானை லேசாகத் தொட்டாலே அடுத்ததற்குத் தாவிவிடும். நடுங்கும் கைக்கு அது ஆகாது. ஒரே வெளிச்சம் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அதிலும் ஒரு சிக்கல். டார்ச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதற்காகப் பொத்தானை விளிம்புக்கு உள்ளே குழித்து வைத்திருந்தார்கள்.

சுவிட்சையே எடுத்துவிட்டு, மூடியைத் திருகினால் எரிகிற மாதிரி செய்துகொள்பவர்கள் உண்டு. மரையில் இருக்கும் அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே இணைப்பு அறுந்துவிடும். ஆனால் திருக இரண்டு கை வேண்டும்.

மூடிக்குள் இரண்டு சின்னத் துளை உள்ள வளையம் இருந்தது. ட்வீசரின் இரு முனைகளையும் அதில் கொடுத்துத் திருப்பியதும் வளையம், ஸ்பிரிங் வைத்த சுவிட்ச், ரப்பர் தொப்பி என்று வரிசையாக வந்தன. சுவிட்சுக்கும் ரப்பருக்கும் நடுவே அப்பாவின் பழைய சட்டையிலிருந்து ஒரு காலர் பொத்தானை வைத்தேன். ரப்பர் விளிம்போடு சமமாக வந்தது, போதாது. இரண்டு வைத்தால் சுவிட்ச் பாதி அழுந்தியே நின்றது. இரண்டாவதை உப்புத்தாளில் தேய்த்துப் பாதியாக்கிய பிறகு ரப்பர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

இனி இந்த டார்ச் செங்குத்தாக நிற்காது. பையில் போட்டால் தானாக எரியவும் கூடும். பரவாயில்லை, அது இருக்கப்போவது தலையணைக்குப் பக்கத்தில்.

இப்போது கட்டைவிரலே தேவையில்லை. டார்ச்சை உள்ளங்கையில் பிடித்து, பின்பக்கத்தைச் சுவரில் வைத்து ஒரு தள்ளு. இந்த வகை சுவிட்ச் அழுத்தும்போது எரியாது, விடும்போதுதான் எரியும். அதனால் சுவரிலிருந்து கையை எடுக்கும்போதே வெளிச்சம் வந்துவிடும்.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. சுவரில் 'டிக்'கென்று சத்தம். துணைக்குப் போகலாமா என்று எழுந்து உட்கார்ந்தேன். "படுடா. வேணும்னா கூப்புடுவாரு" என்று இருட்டுக்குள்ளிருந்து அம்மா சொன்னாள். வெளிச்சம் கொல்லைக் கதவைத் தாண்டிப் போனது. ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. இன்னொரு 'டிக்'.

அம்மா அதற்கப்புறம்தான் திரும்பிப் படுத்தாள்.