காவல் இருந்தவனின் மூக்குக்கண்ணாடி

ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிவிடலாம். வீட்டு நாயைப் பூட்டிவைத்துப் போக முடியாது. முன்னெல்லாம் பாட்டியோ சித்தப்பாவோ பின்தங்கி அதற்குச் சோறு வைப்பர். இப்போது மாத்தளையிலும் அத்தகைய பின்தங்குவோர் அருகிவிட்டனர். ஆகவே கூலிக்கு ஒருவரை அமர்த்தி, நாயோடு வீட்டில் தங்கச் செய்கின்றனர் சிலர்.

பார்த்துக்கொள்பவரின் கவனக்குறைவால் பிராணிக்குத் தீங்கு நேர்ந்தால் என்ன செய்வது? இக்கேள்வி மிகப் பழையது. மனுதர்ம சாஸ்திரத்தின் எட்டாம் அத்தியாயத்திலே மாடுடையவனுக்கும் மேய்ப்பவனுக்கும் இடையே எழும் வழக்குகளுக்குத் தனி இடமுண்டு. பகலில் மேய்ப்பவன் பொறுப்பு. இரவில் மாடு உடையவனின் வீட்டில் நின்றால் அவனே பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான். எனினும், மேய்ப்பவனின் வேட்டியை மாடு மென்றுவிட்டால் யார் பொறுப்பு?

எமது அயலிலே இத்தகைய வழக்கொன்று எழுந்தது. ஒரு குடும்பத்தார் கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்குச் சென்றனர். ஆறு நாட்கள் நாயுடன் தங்கியவன், தோட்டத்து லயத்திலிருந்து எமது வகுப்புக்கு வரும் உயர்தர மாணவன். மூன்றாம் இரவு நாய் அவனுடைய மூக்குக்கண்ணாடியையும் ஒரு சப்பாத்தையும் கடித்துக் குதறிவிட்டது. திரும்பி வந்த வீட்டம்மா பேசிய கூலியை எண்ணிக் கொடுத்து, “சந்தோஷமாக வைத்துக்கொள் தம்பி” என்று சிறிது மேலதிகமும் கொடுத்தார். அது கண்ணாடியின் சட்டத்துக்கும் காணாது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முறை அழைப்பார்களா? எம்மிடமும் அவன் சொல்லவில்லை. பின்வாங்கில் இருந்தவன் முன்வாங்குக்கு வந்து, கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது நாமாகக் கேட்டறிந்தோம்.

வீட்டுக்காரர் தீயவரல்லர். “தலைமாட்டில் தரையிலே வைத்தது அவன் பிழை அல்லவா? அதுவும் பழைய கண்ணாடி” என்றார். நாய் கண்டதைக் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பழையதென்றால் சப்பாத்துக்குப் பாதி விலை கொடுக்கலாம். பாதிக் கண்ணாடியை எவ்வாறு அணிவது? கி.மு. 450ஆம் ஆண்டளவில் எழுந்த உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், வீட்டுப் பிராணி பிறருக்கு நட்டம் விளைத்தால் உடையவன் ஈடு செய்ய வேண்டும், அன்றேல் பிராணியையே ஒப்படைக்க வேண்டும் என்றது. ஒல்லாந்தர் வழியாக எமது நாட்டுப் பொதுச் சட்டத்தின் வேர் அந்த உரோமச் சட்டத்துக்கே செல்கிறது. அந்த நாயை ஒப்படைத்தால் ஏற்க ஆளில்லை என்பது வேறு விஷயம்!

சட்டம் நிற்க. கூலி அவன் உழைப்புக்குரியது. மேலதிகம் அவர்கள் மனமுவந்து தந்தது. இரண்டிலும் கண்ணாடி அடங்கவில்லை. அவன் வாய் திறக்குமுன் தனியாகக் கணக்கிட்டுக் கொடுத்திருக்க வேண்டியது அது. இதைத்தான் அவரிடம் கூறினோம்.

அன்று மாலையே அவர் லயத்துக்குச் சென்றார். “வேண்டாம் ஐயா, அம்மா தந்தது போதும்” என்றானாம் பையன். “அது அம்மா தந்தது, இது நாய் தரவேண்டியது” என்று சொல்லி, அவனைத் திருகோணமலை வீதியிலுள்ள கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் சென்றார். கண்களைப் புதிதாகப் பரிசோதிக்கவும் செய்தார். சப்பாத்துக்கும் பணம் கொடுத்தார்.

அடுத்த கிழமை பையன் பின்வாங்கில் தன் தோழனருகே மீண்டும் போய் அமர்ந்துகொண்டான்.