தோளுக்கும் ஆகணும்... பர்ஸுக்கும் ஆகணும்!

கொஞ்சம் ஃபைனான்ஸ், நிறைய ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கூடவே கோடிங்... மூணையும் சேர்த்து அரைச்சா, அதுதான் 'குவான்ட் ஃபைனான்ஸ்'. பங்கு விலை எப்படி ஆடும், ஒரு ஆப்ஷனுக்கு என்ன விலை வைக்கலாம், நஷ்டம்னு வந்தா எதுவரைக்கும் போகும்னு கணக்காகவே பார்க்கிற படிப்பு. இதுக்கு ஸீட் கிடைச்சதும் வீட்டுல கிளம்புற முதல் கேள்வி, 'எந்த லேப்டாப் வாங்கணும்?'

எங்க ஊர் சங்கரன்கோவில். ஆடித்தபசுக்கும் பிரியாணிக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களுக்கு அது விசைத்தறி ஊர். தறிக் கூலியிலதான் எங்க வீடு ஓடுது. நான் சென்னைக்குப் படிக்கக் கிளம்பினப்போ, அப்பா சீட்டு எடுத்த பணத்தோட என்னை திருநெல்வேலியில ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் தூக்கி வெச்சது கேமிங் லேப்டாப். கீபோர்டு முழுக்க கலர் கலரா லைட்டு! ''இந்தப் படிப்புக்கு கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம முடியாதும்மா. மீதிக்கு இ.எம்.ஐ. போட்டுக்கலாம்'' என்றார். அப்பா என்னைப் பார்த்து, ''ஏந்தாயி... படிப்புக்கு வேணும்னா வாங்கிருவோம்'' என்றார்.

படிப்புக்குன்னு சொல்லிட்டா, அப்பாக்கள் விலையைக் கேட்க மாட்டாங்க. அதனாலதான் நாம கேட்கணும்!

''நாளைக்குச் சொல்றோம்ண்ணே''ன்னு கிளம்பி வந்து, பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்துட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க.

ஒரு ஆப்ஷனுக்கு 'மான்டி கார்லோ' முறையில விலை கண்டுபிடிக்கணும். வருஷத்துக்குச் சுமார் 252 வர்த்தக நாள். 10,000 பாதைகள். மொத்தம் 25,20,000 எண்கள். ஒரு எண்ணுக்கு 8 பைட். ஆக, சுமார் 20 எம்.பி. ஒரு சினிமாப் பாட்டு வீடியோவுக்கே அதைவிட அதிகம் ஆகும்!

அடுத்து, நிஃப்டியில இருக்கிற 50 பங்குகளோட நிமிஷ வாரி விலை. சந்தை காலை 9.15-லிருந்து மதியம் 3.30 வரை... 375 நிமிஷம். வருஷத்துக்கு 250 நாள்னு வெச்சா, 46,87,500 வரிகள். எக்ஸெல் ஷீட்ல 10,48,576 வரிக்கு மேல ஏறாது. அதனால பைத்தானுக்குப் போயே ஆகணும். வரிக்கு அஞ்சு எண்னு வெச்சா 187.5 எம்.பி. அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஜி.பி. கிட்ட. கணக்கு நடக்கும்போது அதையே ரெண்டு, மூணு காப்பி எடுக்கும். பக்கத்துல பிரவுசர் வேற திறந்திருக்கும். 8 ஜி.பி. ரேம் திணறுறது இங்கேதான்.

புரியுதா பாஸ்? நமக்கு முட்டுக்கட்டை கிராஃபிக்ஸ் கார்டு இல்லை... ரேம்! கார்டு கேட்கிற டீப் லேர்னிங் சமாசாரம் எப்பவாவது வந்தா, கூகுள் கோலாப்ல பிரவுசர் வழியாவே ஓட்டலாம். இலவசக் கணக்குலயே, ஒரு அளவுக்குள்ள, கிராஃபிக்ஸ் பிராசஸர் கிடைக்குது.

சரி, என்னதான் வாங்குறது?

ரேம் 16 ஜி.பி. முக்கியம். மெல்லிசான லேப்டாப்கள் பலதுல ரேமை போர்டோட சேர்த்து ஒட்டிடுவாங்க, அப்புறம் கூட்ட முடியாது. வாங்கும்போதே கேட்டுருங்க. எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. இருந்தா நிம்மதி.

எடை 1.4 கிலோவுக்குள்ள பாருங்க. பொதிகை எக்ஸ்பிரஸ்ல அப்பர் பெர்த்துல தலைமாட்டுல வெச்சுத் தூங்கணும், சிட்டி பஸ்ல ஃபுட்போர்டு பக்கத்துல நின்னுக்கிட்டே போகணும். ரெண்டரைக் கிலோ லேப்டாப்பும் செங்கல் மாதிரி சார்ஜரும் ஒரே வாரத்துல ஹாஸ்டல் ரூம்லயே குடியிருக்க ஆரம்பிச்சுடும். டைப்-சி சார்ஜிங் இருந்தா அந்தச் செங்கலும் மிச்சம்.

பிராசஸர் பேர்ல எண்ணுக்குப் பின்னாடி 'யு'ன்னு இருந்தா, கரன்ட்டைச் சிக்கனமா செலவழிக்கும். 'ஹெச்'னா வேகமும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி.

மேக்புக் ஏர் ஆசையா? 13 இன்ச் மாடல் 1.24 கிலோதான், அழகுதான். ஆனா, ப்ளூம்பெர்க் டெர்மினல் மென்பொருள் விண்டோஸுக்கானது. எக்ஸெல் ஆட்-இன்கள் சிலதும் மேக்கில் ஓடாது. உங்க டிபார்ட்மென்ட்ல எதுல பாடம் நடக்குதுன்னு சீனியர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

2025 கடைசியில, ஏ.ஐ. சர்வர்களுக்காக மெமரி சிப்புக்கு அடிதடி ஆகி ரேம் விலை எகிறுச்சு. பட்ஜெட் இடிக்குதா? கம்பெனிகள் பயன்படுத்திக் கழிச்ச பிசினஸ் லேப்டாப் பாருங்க. நானும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அப்படித்தான் ஒண்ணு எடுத்தேன். 16 ஜி.பி., 1.3 கிலோ. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதுசுல இருந்த கொள்ளளவுல இப்போ எவ்வளவு மிச்சம்னு அதுல தெரியும். பாதிக்குக் கீழேன்னா, பேட்டரி மாத்துற செலவையும் கூட்டிப் பேரம் பேசுங்க.

அரசு லேப்டாப் கையில இருக்கா? 2025-26 தமிழக பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு அறிவிச்சாங்களே, அதேதான். 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மேல போட்ட மான்டி கார்லோ கணக்கு அதுல தாராளமா ஓடும். முதல் ரெண்டு செமஸ்டரை அதுலயே ஓட்டிட்டு, எங்கே திணறுதுன்னு பார்த்துட்டு அப்புறமா கடைக்குப் போங்க. அதுக்குள்ள என்ன வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு... ஆப்ஷன் விலைக்கான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் வந்தது 1973-ல. ஃபெலிம் பாயில் இதே மான்டி கார்லோவை ஆப்ஷனுக்குப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினது 1977-ல. தூக்கிட்டுப் போகலாம்னு சொல்லி ஆஸ்போர்ன் 1 கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது 1981-ல. அதோட எடை 11 கிலோ! நாம இன்னிக்குப் படிக்கிற பாடத்துல பாதி, லேப்டாப்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சது.

ரிஸ்க்கைக் கணக்குப் போடுறதுதானே நம்ம படிப்பு? அதுல முதல் ஹோம்வொர்க், வீட்டுல யார் பேர்ல இ.எம்.ஐ. விழப்போகுதுன்னு பார்க்கிறது. அதை முடிச்சுட்டு கடைக்குக் கிளம்புங்க!