பாவகடாவில் பகலவன்

பெங்களூரில் பல்லாண்டுகளாக வாழ்ந்தும், நம்முள் பலர் அதன் வடதிசையில் கிடக்கும் வறண்ட நிலத்தைக் கண்டதில்லை. துமகூரு மாவட்டத்தின் வடகோடியில், பெரும்பாலும் ஆந்திர எல்லையால் சூழப்பெற்றது பாவகடா வட்டம். கன்னட நாட்டுப் பகுதியாயினும் அங்கே தெலுங்கும் மிகுதியாகச் செவியில் விழும். குன்றின்மேல் பழைய கோட்டை. ஊரினுள் புகழ்பெற்ற சனி பகவான் கோயில். மைந்தன் கோயில் கொண்ட அவ்வூருக்கு இப்பொழுது தந்தையாகிய கதிரவனும் குடிவந்துவிட்டான்!

திருமணி என்னும் சிற்றூரை நெருங்குகையில் தொலைவில் ஏரியொன்று தோன்றிற்று. மழை பொய்க்கும் இம்மண்ணில் இத்துணை நீரா என வியந்தோம். அருகே சென்ற பின்னரே அவை வானொளியில் மின்னும் சூரியத் தகடுகள் என்பது விளங்கிற்று. ஐந்து ஊர்களைச் சார்ந்த 13,000 ஏக்கரில் அவை வரிசை வரிசையாகப் பரந்துள்ளன. 2018 மார்ச்சுத் திங்களில் தொடங்கி வைக்கப்பெற்ற இம்மின் பூங்காவின் திறன் 2,050 மெகாவாட். தகடுகளில் பிறக்கும் நேர் மின்னோட்டம் மாறு மின்னோட்டமாக்கப்பெற்று, அழுத்தம் உயர்த்தப்பெற்று, நெடுங்கம்பிகளின் வழியே வெளியூர்களுக்குச் செல்கிறது.

போற்றத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை, குத்தகைக்கே பெறப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ. 21,000 எனத் தொடங்கிய தொகை, ஈராண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயருமாறு வகுக்கப்பட்டது. நிலக்கடலை விதைத்துவிட்டு மேகத்தை நோக்கியிருந்த உழவருக்கு, மழை பெய்யினும் பொய்ப்பினும் வருவாய் உண்டு. நிலமும் அவர் பெயரிலேயே நிற்கிறது.

ஆயின், நிலமற்றவர் நிலை யாது? வேப்பமர நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் வினவினோம். "குத்தகைப் பணம் பட்டா உள்ளவருக்கு, ஐயா. நாற்பது ஆண்டு களை பறித்த கைக்குப் பட்டா ஏது?" என்றார். காவல், தகடு கழுவுதல், புல் அறுத்தல் ஆகிய வேலைகள் உண்டு. எனினும் அவை பண்டைய வயல் வேலை போல எல்லாருக்கும் கிட்டுவதில்லை. அவர் குரலில் சினமில்லை. அதுவே எம் நெஞ்சை வருத்திற்று.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் மின்கலத்தை உலகிற்குக் காட்டினர். உலகின் சூரிய மின்திறன் 10 இலட்சம் மெகாவாட்டை எட்ட 2022 வரை ஆயிற்று. அடுத்த 10 இலட்சமோ 2024க்குள்ளேயே சேர்ந்துவிட்டது. நம் நாடும் 2025 தொடக்கத்தில் 1 இலட்சம் மெகாவாட்டைக் கடந்தது. இத்தகைய பூங்காக்கள் இன்னும் பல எழும், எழவும் வேண்டும். அவற்றின் குத்தகைப் பத்திரங்களில், நிலம் உடையாரோடு அந்நிலத்தில் உழைத்தாருக்கும் ஒரு பங்கு எழுதப்படுமாயின் அறம் நிறைவுறும்.

பெங்களூரிலிருந்து பாவகடா சுமார் 160 கிலோமீட்டர். விடுமுறையில் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். தகடுகளைக் கண்டபின், அவ்வேப்பமர நிழலிலும் சற்றே அமர்ந்து வாருங்கள்.