ஓட்டைக் காலணாவும் ஒரு மெட்டல் டிடெக்டரும்

ஆபீஸ்ல புடுங்குற ஆணி போதாதுன்னு, போன வருஷம் மண்ணுக்குள்ள இருக்குற ஆணியையும் புடுங்கக் கிளம்பினேன். அதோட கதைதான் இது.

புனே வந்து பதினாலு வருஷம் ஆச்சு. திருநெல்வேலிப் பக்கம் எங்க பூர்வீக வீட்டை வித்துடலாம்னு சித்தப்பா முடிவு பண்ணிட்டாங்க. எல்லாரும் சம்மதிச்சாச்சு, எங்கப்பாவைத் தவிர. "தொழுவத்துல என் டப்பா கெடக்கு. அதை எடுக்காம கையெழுத்துப் போட மாட்டேன்"னு ஒரே பிடிவாதம்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1957 ஏப்ரல் 1-ல நம்ம நாட்டுல நயா பைசா வந்துச்சு. அதுவரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அப்புறம் ரூபாய்க்கு 100 நயா பைசா. அப்போ அப்பாவுக்குப் பத்து வயசு. சேர்த்து வச்ச ஓட்டைக் காலணாவெல்லாம் இனி செல்லாது, பிடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து, பவுடர் டப்பாவுல போட்டுத் தொழுவத்துல புதைச்சிருக்கார். உண்மையில பழைய காசும் கூடவே சில வருஷம் புழங்குச்சு. பத்து வயசுப் பையனுக்கு அதை யார் சொல்றது?

அப்பாவுக்கு இப்போ நேத்து நடந்தது மறந்துடுது. இது மட்டும் மறக்கலை. சரி, ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிடுவோம்னு இறங்கினேன். தங்கமணி பார்த்த பார்வையை எழுத முடியாது.

தேடிப் படிச்சதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன், யாருக்காவது உதவும். வளையத்துல ஓடுற மின்சாரம் மாறிக்கிட்டே இருக்குற ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்புது. கீழே உலோகம் இருந்தா அதுல சுழல் மின்னோட்டம் கிளம்பி, அது பதிலுக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் எவ்வளவு தாமதமா வருதுங்கறதை வச்சு இது இரும்பா, செம்பா, வெள்ளியான்னு மெஷின் ஊகிக்குது. ஊகம்தான், சத்தியம் இல்லை.

ஆரம்பக்காரங்க வாங்குறதுல காரெட் ஏஸ் 300 மாதிரி ஒரே அலைவரிசையில ஓடுறது உண்டு, அது 8 கிலோஹெர்ட்ஸ். மைன்லேப் வான்குவிஷ் மாதிரி ஒரே சமயத்துல பல அலைவரிசையில ஓடுறதும் உண்டு. எது வாங்கினாலும் ஒரு காசு அளவுப் பொருளை ஒரு சாண் ஆழத்துல காட்டினாலே பெரிய விஷயம். "அம்பதடி ஆழத்துல தங்கம் காட்டும்"னு கம்பி நீட்டிக்கிட்டு யாராவது வந்தா, ரைஸ் புல்லர் கோஷ்டின்னு ஓடிடுங்க. கோல்ஃப் பந்து தேடுற பொம்மைன்னு வித்த சாமானையே குண்டு கண்டுபிடிக்கிற கருவின்னு ஈராக்குக்கு வித்த ஒரு ஆளுக்கு 2013-ல லண்டன் கோர்ட்டு பத்து வருஷம் கொடுத்துச்சு.

இன்னொன்னு, வெளிநாட்டு வீடியோ பார்த்து வாங்காதீங்க. நம்ம 1, 2 ரூபாய்க் காசு இப்போ ஃபெரிடிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தத்துல ஒட்டும். இரும்பை ஒதுக்குன்னு மெஷின்ல வச்சா நம்ம காசையும் சேர்த்து ஒதுக்கிடலாம். வாங்குறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் காசையெல்லாம் தரையில போட்டுப் பார்த்துடுங்க.

நண்பர் ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினேன். அபார்ட்மெண்ட் தோட்டத்துல ஓட்டினா விடாம கத்துது. மெஷின் கெட்டுப்போச்சோன்னு பார்த்தா குத்தம் மண்ணுல. புனே மண்ணு எரிமலைப் பாறை உதிர்ந்து வந்தது, இரும்புச் சத்து ஜாஸ்தி. சென்ஸிட்டிவிட்டியைக் குறைச்சதும் அடங்குச்சு. இந்தப் பக்கம் இருக்கறவங்க கிரவுண்ட் பேலன்ஸ் நாமளே சரிபண்ற வசதி இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

சட்டமும் தெரிஞ்சிக்கணும். 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். மறைச்சா ஒரு வருஷம் வரை உள்ளே போகலாம். கோட்டை, பழைய கோயில் பக்கம் மெஷினைத் தூக்கிட்டுப் போகவே போகாதீங்க.

லீவு போட்டுட்டுப் பையனோட ஊருக்குப் போனேன். ஆத்தங்கரை மண்ணு, சத்தமே இல்லை. தொழுவத்துல முதல் ஒரு மணி நேரம் வெறும் ஆணி, லாடம், மாட்டுச் சங்கிலித் துண்டு. வெறுத்துப்போய் இரும்பை ஒதுக்குற மோடுக்கு மாத்தினேன். அப்புறம் ரெண்டு நாள் ஒரு அஞ்சு பைசா அலுமினியக் காசைத் தவிர எதுவும் இல்லை. திண்ணைக் கட்டில்ல உட்கார்ந்து அப்பா பார்த்துக்கிட்டே இருந்தார். சித்தப்பா போன் மேல போன்.

மூணாம் நாள் பையன் கேட்டான். "அப்பா, தாத்தா புதைச்சது தகர டப்பாதானே? தகரம் இரும்புதானே?"

பொட்டி தட்டிச் சம்பாதிக்கிற எனக்கு இது தோணலை பாருங்க. மறுபடி எல்லா உலோகத்தையும் காட்டுற மோடுல வச்சேன். காடிக்குப் பக்கத்துல முக்கால் சாண் ஆழத்துல துருப்பிடிச்சு உதிர்ந்த தகரம். மண்ணைச் சலிச்சுப் பார்த்தோம். பச்சை பூத்த ஒரே ஒரு ஓட்டைக் காலணா.

"ஒண்ணுதான் இருக்குப்பா"ன்னு கையில கொடுத்தேன். கலெக்டருக்கு எழுத வேண்டாம், பொருளுக்குச் சொந்தக்காரர் எதிர்லயே உட்கார்ந்திருக்கார்.

ஓட்டை வழியா வெளிச்சத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "எங்கம்மா எடுத்திருப்பா லே. அந்தத் தீவாளிக்கு எனக்கு மட்டும் புது நிஜார் வந்துச்சு. துட்டு எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு அன்னைக்கு நான் கேக்கலை."

மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லாருக்கும் முன்னாடி கையெழுத்துப் போட்டது அப்பாதான். காலணா இப்போ அவர் அரைஞாண் கயித்துல தொங்குது. மெஷின் புனேயில பரண் மேல இருக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க மக்கா, பாட்டரி மட்டும் உங்க செலவு.