ஓவரை மழை எடுக்கும், விக்கெட்டை நாம்தான் விடுவோம்

மழை பெய்து ஆட்டம் நின்ற நாளை வீணாய்ப் போன நாள் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. கொழும்பிலோ பல்லேகலையிலோ பெரிய போட்டி என்றால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று ஊரூராக வான் பிடித்துப் போகிறார்கள். வானம் இருண்டு, ஆடுகளத்தை மூடி, நடுவர்மார் கைவிட்டுவிட்டால், "காசும் போச்சு, நாளும் போச்சு" என்று முகம் வாடித் திரும்புகிறார்கள். அந்தக் கவலை எனக்கு விளங்காததல்ல. இளமையிலிருந்து கிரிக்கெட் பார்க்கப் போய் நனைந்து வந்தவன் நான். ஆனால் மழை குறுக்கிட்ட ஆட்டங்கள் எனக்குக் கற்றுத் தந்ததை, முழுதாக நடந்து முடிந்த ஆட்டங்கள் கற்றுத் தரவில்லை. வயது போன காலத்தில் அதை எழுதி வைப்பது கடமை என்று நினைக்கிறேன்.

எங்கள் கிழக்குக் கரையில் வைகாசி தொடங்கினால் மழை என்ற பேச்சே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கமும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் நீரைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் வெக்கையாகத்தான் வருகிறது. கச்சான் காற்று தோலைக் காயவைக்கும் அதே ஜூன் மாதத்தில், இரவு பஸ்ஸில் ஏறி விடிய கொழும்பில் இறங்கினால் தெருவெல்லாம் தண்ணீர். நமக்கு மாரி கொட்டும் மார்கழியில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ்: கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் பந்து உருளாது, கொழும்பில் வெயில் எறிக்கும். சின்னத் தீவுதான். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே வானம் கிடைப்பதில்லை. மழைக்கு என்று ஒரு நேரக்கணக்கு உண்டு, அது நம்மைக் கேட்டுப் போடப்பட்டதல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் வாப்பா வேளாண்மை செய்தவர். மழை எங்கே, எந்த நேரம் பெய்தாலும் அவர் முன்னால் அதை ஏச முடியாது. "அது ரஹ்மத்து மகன். உனக்கு இல்லாட்டி இன்னொருத்தனுக்கு" என்பார். மழையைக் கண்டால், அதைப் பயன் தரும் மழையாக ஆக்கும்படி துஆக் கேட்பது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. கொழும்பில் நம் ஆட்டத்தை நிறுத்திய மழை, களுகங்கை ஓரத்து விவசாயி ஒருவர் கேட்டுக் காத்திருந்த மழையாக இருக்கலாம். நம்முடைய இழப்பு ஒன்று இன்னொருவரின் வாழ்வாதாரமாக இருக்கக்கூடும் என்ற நினைப்பு வந்துவிட்டால், பாதிக் கோபம் அந்த இடத்திலேயே தணிந்துவிடும்.

கொழும்பு கெத்தாராமையில் 1986இல் திறக்கப்பட்ட ஆர். பிரேமதாச மைதானத்தில் மழை இடைவேளையைக் கண்டவர்களுக்குத் தெரியும், அது சும்மா இருக்கும் நேரமல்ல. பல நாடுகளில் ஆடுகளத்தையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும்தான் மூடுவார்கள். இலங்கையில் மைதானம் முழுவதையும் மூடுகிறோம். முதல் துளி விழுந்ததும் பணியாளர்கள் வெறுங்காலோடு ஓடிவந்து, பாரமான விரிப்புகளை இழுத்துப் பரப்பும் வேகம் எந்தக் களத்தடுப்புக்கும் குறைந்ததல்ல. மழை விட்டதும் விரிப்பின் மேல் தேங்கிய நீரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த இடைவேளை ஒன்றில், அரங்கின் பின்பக்கம் நனையாத இடமாகப் பார்த்து அஸர் தொழ நின்றோம். ஸப்பில் நின்றவர்களின் செருப்புகள் சாரலில் நனைந்துவிடாமல் ஒதுக்கி வைத்தவர் முன்பின் தெரியாத ஒரு சிங்கள அண்ணன். பிறகு பிளேன்டீயும் மாலு பணிஸுமாக அவருடன் பேசிக்கொண்டிருந்தோம். ஆட்டம் இடைவிடாமல் நடந்திருந்தால் அவர் முகத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வருகிறேன்.

1992 மார்ச் 22ஆம் திகதி, சிட்னி. உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாபிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது மழை வந்தது. கொஞ்ச நேரத்தில் மழை விட்டு அவர்கள் திரும்பி வந்தபோது மிஞ்சியிருந்தது ஒரேயொரு பந்து. தேவைப்பட்ட ஓட்டமோ 20க்கும் மேல். அந்தக் காலத்து விதி அப்படி. உலகமே அநியாயம் என்றது. கூச்சல் போட்டவர்கள் ஏராளம். ஆனால் அதைச் சரிசெய்தவர்கள் ஃபிராங்க் டக்வர்த், டொனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர்கள். அவர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு 1997 ஜனவரி முதலாம் திகதி ஸிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஆடிய போட்டியில் முதன்முதல் பயன்பட்டது.

அந்தக் கணக்கின் அடிப்படை எளிமையானது. ஓர் அணியிடம் இரண்டு செல்வங்கள் உண்டு: மிச்சமுள்ள ஓவர்கள், கைவசமுள்ள விக்கெட்டுகள். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த அணியின் பலம் அளக்கப்படும். 20 ஓவர் மிச்சமிருக்கும்போது மழை வந்தால், பத்து விக்கெட்டும் கையில் உள்ள அணிக்கும், மூன்றே விக்கெட் உள்ள அணிக்கும் ஒரே கணக்கு இல்லை. ஓவரை மழை எடுக்கும், அது நம் பிழையல்ல. விக்கெட்டை மழை எடுப்பதில்லை. அதைப் பொறுப்பில்லாமல் ஆடி நாம்தான் விட்டுக்கொடுக்கிறோம்.

வாழ்க்கைக்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் காணவில்லை. நம் பிள்ளைகளின் ஓவர்களைக் கொவிட் குறைத்தது. 2022இன் பொருளாதார நெருக்கடி இன்னும் கொஞ்சம் குறைத்தது. உயர்தரப் பரீட்சை தள்ளிப் போனது, பல்கலைக்கழக அனுமதி தாமதமானது, வெளிநாட்டுப் பயணங்கள் தடைப்பட்டன. அதில் எதற்கும் அவர்கள் பொறுப்பல்ல. ஆனால் உடல்நலம், படித்த படிப்பு, நாணயம், நல்ல பெயர், உம்மா வாப்பாவுடனும் கூடப் பிறந்தவர்களுடனும் உள்ள உறவு ஆகியவை விக்கெட்டுகள். தாமதத்தின் எரிச்சலில் அவற்றையும் தூக்கி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நேரம் போனதைக் காரணம் காட்டிப் போதைக்குப் போனவர்கள், கோபத்தில் குடும்பத்தை முறித்துக்கொண்டவர்கள். மழை விட்டபோது அவர்களிடம் ஆடுவதற்கு விக்கெட் இல்லை. நமது கோடை வேளாண்மை எப்படி விளைகிறது? கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் மாரி மழையைத் தேக்கி வைத்து, மழை இல்லாத மாதங்களில் வாய்க்காலில் விடுவதால்தான். கைவசம் வைத்திருப்பது என்றால் அதுதான்.

அடுத்தது, மழை விட்டதும் இலக்கு எவ்வளவு என்பதைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது. 2003 மார்ச் 3ஆம் திகதி டர்பனில் நடந்த உலகக் கிண்ண ஆட்டம் நம்மில் பலருக்கு இன்றும் மனப்பாடம். இலங்கை, மாவன் அத்தபத்துவின் 124 ஓட்டங்களோடு 268 எடுத்தது. தென்னாபிரிக்கா துரத்தும்போது மழை நெருங்கியது. 45ஆவது ஓவரின் ஐந்தாம் பந்தில் முரளிதரனுக்கு மார்க் பவுச்சர் ஆறு ஓட்டம் அடித்தார். கணக்கு 229 ஆனது. வெற்றி உறுதி என்று நம்பி, கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமல் நின்றார். மழை கொட்டியது, ஆட்டம் அதோடு முடிந்தது. உண்மையில் 229 சமநிலைக்கான எண்ணிக்கை. வெல்ல 230 வேண்டும். போட்டியை நடத்திய நாடே அந்த ஒரு ஓட்டத்தால் வெளியேறியது, இலங்கை அடுத்த சுற்றுக்குப் போனது. பவுச்சரிடம் திறமைக்கும் தைரியத்துக்கும் குறைவில்லை. கிடைத்த தகவல்தான் பிழை. படிப்போ தொழிலோ விசாவோ கடனோ, நிலைமை மாறிய பிறகு பழைய எண்ணிக்கையோடு ஓடாதீர்கள். தெரிந்தவரிடம் போய் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மூன்றாவது, நின்ற இடத்திலிருந்து தொடங்குவது. 2002இல் யுத்தநிறுத்த உடன்பாடு வந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறும் தொல்லை குறைந்திருந்த நேரம். அந்த வருடம் செப்டெம்பர் 29ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டி கெத்தாராமையில் நடந்தது. இலங்கை 50 ஓவரில் 244 எடுத்தது. இந்தியா இரண்டு ஓவர் ஆடியதும் மழை. மறுநாள், விதிப்படி, ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினார்கள். இலங்கை மீண்டும் 50 ஓவர் ஆடி 222 எடுத்தது. இந்தியா ஒன்பதாவது ஓவரில் நிற்கும்போது மீண்டும் மழை. இரண்டு நாளிலுமாக 110 ஓவர் வீசியும் முடிவில்லை. கிண்ணத்தை ஜயசூரியவும் கங்குலியும் பகிர்ந்துகொண்டார்கள். இருபத்தொரு வருடங்களுக்குப் பிறகு, 2023 ஆசியக் கிண்ணத்தில், அதே மைதானத்தில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் செப்டெம்பர் 10ஆம் திகதி மழையால் நின்றது. இந்தியா 24.1 ஓவரில் 147. மறுநாள் அந்த 147இலிருந்தே தொடங்கினார்கள். இந்தியா 356 எடுத்தது, 228 ஓட்டங்களால் வென்றது, ஆட்டத்துக்கு ஒரு முடிவு கிடைத்தது. தடைப்பட்ட படிப்பை, தடைப்பட்ட தொழிலை, தடைப்பட்ட உறவை முதலிலிருந்து தொடங்க முயன்று களைத்துப் போகிறவர்கள் உண்டு. முன்பு எடுத்த ஓட்டங்கள் அழியவில்லை. அவற்றின் மேலேயே தொடருங்கள்.

எங்கள் கரைக்கு வந்த பெரிய தடையைச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் இல்லை. 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமியில், கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மருதமுனையும் கடலிடம் இழந்தவற்றை எழுத்தில் அடக்க முடியாது. நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அது மழையல்ல, அதை மழையோடு ஒப்பிடவும் மாட்டேன். ஆனால் அதன் பிறகு நம் மக்கள் கூடாரத்துக்குள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், தறியைத் திருத்தி மீண்டும் நெய்தார்கள், தோணியைச் செப்பனிட்டு அதே கடலுக்குப் போனார்கள். கையில் மிஞ்சியதைக் கொண்டு தொடர்ந்தார்கள். கடல் அழித்த காலி மைதானமும் எழுந்தது. மூன்று வருடங்களுக்குப் பிறகு, 2007 டிசம்பரில், இங்கிலாந்துக்கு எதிராக அங்கே மீண்டும் டெஸ்ட் ஆடினோம். மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 213. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 81க்குச் சுருண்டது. மழை நேரத்தைத் தின்றதால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அந்த மண்ணில் மீண்டும் பந்து வீசப்பட்டதே போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதே காலியில் 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்ட்டை ஆடினார். 800 விக்கெட்டுக்கு எட்டு குறைவு. ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டார். இரண்டாம் நாள் முழுவதையும் மழை கொண்டுபோனது. வேறொருவராக இருந்தால் பதறியிருப்பார். அவர் மிஞ்சிய நாட்களில் முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் மூன்று எடுத்தார். ஜூலை 22ஆம் திகதி பிரக்யான் ஓஜா ஜயவர்தனவிடம் பிடி கொடுத்தபோது கணக்கு 800. இலங்கை பத்து விக்கெட்டுகளால் வென்றது. போன நாளை நினைத்து ஒரு பந்தைக்கூட அவர் வீணாக்கவில்லை.

எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் இங்கிலாந்தில் இருக்கிறார். 2019 உலகக் கிண்ணத்தின்போது, ஜூன் 7ஆம் திகதி பாகிஸ்தானுடனும் 11ஆம் திகதி பங்களாதேஷுடனும் இலங்கை ஆட இருந்த இரண்டு ஆட்டங்களையும் பார்க்க பிரிஸ்டலுக்குப் போனார். இரண்டிலும் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மனம் உடைந்து தொலைபேசியில் பேசினார். "அடுத்ததுக்கும் போங்க மகன்" என்றேன். பத்து நாள் கழித்து லீட்ஸில் 232 ஓட்டங்களை வைத்துக்கொண்டு இலங்கை இங்கிலாந்தை 20 ஓட்டங்களால் வென்றது, மாலிங்கவுக்கு நான்கு விக்கெட். அரங்கில் அவரும் இருந்தார்.

கடைசியாக, விரிப்பு இழுத்தவர்களை மறக்காதீர்கள். 2023 ஆசியக் கிண்ணம் முழுக்க மழையோடு மல்லுக்கட்டிய கொழும்பு, கண்டி மைதானப் பணியாளர்களுக்கு ஆசிய கிரிக்கெட் பேரவையும் ஶ்ரீலங்கா கிரிக்கெட்டும் 50,000 டொலர் அறிவித்தன. இறுதிப் போட்டியில் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்து நம்மை 50க்குச் சுருட்டிய மொஹமட் சிராஜ், தன் ஆட்டநாயகன் பரிசுப் பணத்தை அவர்களுக்கே கொடுத்தார். தோற்ற வலியோடும் அந்த இளைஞருக்காக நான் கை தட்டினேன். உங்கள் வாழ்க்கையில் மழை வந்தபோது நனைந்துகொண்டு உங்களை மூடிக் காத்தவர்கள் இருப்பார்கள். உம்மா, ஆசிரியர், பக்கத்து வீட்டார், பள்ளிவாசல் நிர்வாகத்தார். வெற்றி வரும்போது முதல் நன்றி அவர்களுக்குச் சேரட்டும்.

பிள்ளைகளே, ஆட்டம் பார்க்கப் போங்கள், குடையோடு போங்கள். மழை வந்தால் ஏசாதீர்கள். எத்தனை ஓவர் போனது என்று எண்ணி உட்காராமல், எத்தனை விக்கெட் கைவசம் இருக்கிறது என்று பாருங்கள். விக்கெட் கையில் உள்ளவனை மழை தோற்கடித்துவிடாது.